இருபத்திநாலாவது ஆள்

அமெரிக்க அரசியல் யாப்பை நான் பன்னிரண்டு வருடம் படிப்பித்தேன். அமெரிக்காவை மூன்று நாள்தான் பார்த்தேன், அதுவும் பஸ் யன்னலுக்குள்ளால். நியூயோர்க்கில் இறங்கி, வடக்கே போகும் பஸ்ஸில் ஏறி, கனடா எல்லையில் நானும் கணவரும் "அகதி" என்ற ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டு நின்றோம். வழியில் ஏதோ ஓர் ஊரில் நீதிமன்றக் கட்டடம் ஒன்றைக் கண்டேன். வெள்ளைத் தூண்கள், உச்சியில் கொடி. "இஞ்சை பாருங்கோ" என்று இவரைத் தட்டி எழுப்பினேன். இவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, "உம்மடை சொந்தக்காரர் வீடு போல" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் நித்திரையானார்.

அவர் சொன்னதில் பெரிய பிழை இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் என் பாடம். பாடத்திட்டத்தில் சில வெளிநாடுகளின் யாப்புகளும் இருந்தன. மற்ற ஆசிரியர்கள் அமெரிக்காவை ஜனாதிபதியிலிருந்து தொடங்குவார்கள். நான் புல்வெளியிலிருந்து தொடங்குவேன். எழுநூறு வருடங்களுக்கு மேல் முந்தி, இங்கிலாந்தில் ஓர் ஆற்றங்கரைப் புல்வெளியில், ஓர் அரசனைப் பிரபுக்கள் மடக்கிப் பிடித்து, நீயும் சட்டத்துக்குக் கீழேதான் என்று ஒரு பத்திரத்தில் முத்திரை குத்த வைத்த கதை. அந்த மாக்னா கார்ட்டாவில், நீதியை எவருக்கும் விற்கமாட்டோம், மறுக்கமாட்டோம், தாமதிக்கமாட்டோம் என்று அரசன் ஒப்புக்கொண்ட இடம் வரும். மூன்றையும் கரும்பலகையில் எழுதுவேன். விற்பதையும் மறுப்பதையும் விரிவாகச் சொல்வேன், பரீட்சையில் கேட்பது அவற்றைத்தான். மூன்றாவதற்கு வரும்போது அநேகமாக மணி அடித்துவிடும்.

அடுத்த பாடத்தில், இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறப் போனவர்களின் கப்பல் வரும். கரை இறங்கும் முன்பே, கப்பலில் இருந்த ஆண்கள் ஒரு தாளில் கையெழுத்து வைத்து, எங்களுக்கு வேண்டிய சட்டங்களை நாங்களே செய்துகொள்வோம் என்று உடன்பட்டது. பிறகு, ஒரு வியாபாரக் கம்பனிக்கு அரசன் எழுதிக் கொடுத்த பட்டயம் கடல் கடந்து போய் ஓர் அரசாங்கத்தின் விதிகளாக மாறியது. அப்படியான பட்டயம் ஒன்றைத் திருப்பிப் பறிக்க அரசனின் ஆள் வந்தபோது, யாரோ விளக்கை அணைத்துவிட்டு அதைக் கொண்டுபோய் ஓக் மரப்பொந்துக்குள் ஒளித்து வைத்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். பிள்ளைகளுக்கு அந்த மரப்பொந்துதான் பிடிக்கும். யாப்பு என்பது நாலு பெரியவர்கள் மேசையைச் சுற்றி இருந்து எழுதிய புத்தகம் இல்லை, அதிகாரத்துக்குப் பயந்த சனங்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தது என்று சொல்லிப் பாடத்தை முடிப்பேன்.

பிறகு எங்கள் நாட்டிலேயே, ஒரு கையெழுத்தில் ஒரு மனிதனைக் கொண்டுபோய்ப் பதினெட்டு மாதம் வைத்திருக்கலாம் என்று சட்டம் வந்தது. நான் அதே பாடத்தைத்தான் தொடர்ந்து படிப்பித்தேன். குரல் மட்டும் இறங்கிவிட்டது.

மொன்றியலுக்கு வந்தபோது எண்பதுகளின் பிற்பாதி. இவருக்கு சென்ட் லோரன்ட்டில் ஒரு பண்டகசாலையில் வேலை கிடைத்தது. எனக்கு ஜான்-டலோன் சந்தையில், ஒரு மரக்கறிக் கடையின் பின்பக்கத்தில், அழுகியதை ஒதுக்கி நல்லதை அடுக்கும் வேலை. அதிகாரத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று எழுதி அமெரிக்கர்களுக்கு வழி காட்டியவர் ஒரு பிரெஞ்சுக்காரர். அவரைப் பற்றி மணிக்கணக்காகக் கதைத்திருக்கிறேன். அந்த மனிதரின் மொழியில் ஒரு கோவாவின் விலையைச் சொல்லத் தெரியாமல் சந்தையில் முழித்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் என்னிடம் கதைப்பதை விட்டுவிட்டுக் கையைக் காட்டத் தொடங்கினார். அந்தக் கை அசைவுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அவமானமாக இருந்தது.

எங்கள் ஆட்கள் எங்கே போனாலும், இருக்க வீடு கிடைக்கிறதோ இல்லையோ, ஒரு சங்கம் வைத்துவிடுவார்கள். பார்க் எக்ஸ்ரென்ஷன் பக்கத்தில் ஒரு சேர்ச்சின் நிலக்கீழ் மண்டபத்தில் எங்கள் சங்கமும் தொடங்கியது. மொத்தம் முப்பத்தாறு பேர். ஊரில் தபாலதிபராக இருந்து, இங்கே பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் நிற்கும் ஓர் அண்ணை தலைவர். முதல் கூட்டத்திலேயே அவர் என்னைப் பார்த்து, "ரீச்சர், சங்கம் எண்டு ஒண்டு வைச்சால் யாப்பு எண்டு ஒண்டு வேணும். உங்களை விட்டால் ஆர் எழுதிறது?" என்றார்.

அன்று மெற்றோவில் வீடு திரும்பும்போது நான் சிரித்துக்கொண்டே வந்தேன் என்று இவர் பிறகும் சொல்லிக் காட்டுவார். உண்மைதான். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக யாரோ என்னிடம், எனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டிருந்தார்கள்.

ஆறு கிழமை குசினி மேசையில் இருந்து எழுதினேன். ஒரு கம்பனியின் விதிகளே ஒரு நாட்டின் யாப்பாக வளர்ந்தது என்று படிப்பித்தவளுக்கு முப்பத்தாறு பேரின் சங்கம் சின்னதாகத் தெரியவில்லை. இவர் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பார்.

"மேற்சபை, கீழ்ச்சபை எல்லாம் உண்டோ?"

"தேவையெண்டால் வைப்பன்."

"என்னை நாடு கடத்திறதுக்கும் ஒரு பிரிவு போடும்."

எட்டாம் பிரிவு மட்டும் விளையாட்டில்லை. அந்த நாட்களில் குடிவரவு அலுவலகத்துக்குச் சங்கங்கள் கடிதம் கொடுப்பது வழக்கம். இன்னார் இன்ன ஊரவர், எங்களுக்குத் தெரிந்தவர் என்று எழுதி, தலைவர் கையெழுத்துப் போட்டு, றப்பர் முத்திரை குத்திக் கொடுப்பார்கள். வேறொரு சங்கத்தில் தலைவராக இருந்த ஒருவர் வேண்டியவர்களுக்கெல்லாம் கடிதம் கொடுத்தார், தன்னோடு முரண்பட்டவர்களுக்கு இல்லை என்றார். எங்கள் கூட்டத்தில் அந்தக் கதை வந்தபோது எல்லார் முகமும் கறுத்தது. ஒரு தனி மனிதனின் கையெழுத்துக்குப் பயந்து கடல் தாண்டி வந்தவர்கள் நாங்கள். ஆகவே எட்டாம் பிரிவை இரும்பால் எழுதினேன். பொதுக் கூட்டம் கூடாமல் எவருக்கும் கடிதம் இல்லை. ஏழு நாள் அறிவித்தல் வேண்டும். உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது இருபத்திநாலு பேர், மண்டபத்தில் இருக்க வேண்டும். தன் விடயத்தில் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்பது பழைய ஆங்கிலச் சட்டம் என்பதால், யாருக்காகக் கடிதமோ அவரை அந்த எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. கடைசியாக, எந்தத் திருத்தமும் முன்பு நடந்ததற்குச் செல்லாது என்று ஒரு வரியும் போட்டேன். அது அமெரிக்க யாப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம். நேற்றுச் செய்த காரியத்துக்கு இன்று சட்டம் செய்து ஒருவனைப் பிடிப்பது எவ்வளவு கொடுமை என்று ஒரு பாடம் முழுவதும் சொல்லியிருக்கிறேன்.

வாசித்து முடித்தபோது கை தட்டினார்கள். என்னைச் செயலாளராக்கி, முத்திரையை என் கையில் தந்தார்கள். அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டே திரிந்தேன். கடையின் பின்பக்கத்தில் வெங்காயம் பொறுக்கும்போதும் அது பைக்குள் கிடக்கிறது என்ற நினைப்பு எனக்கு இருந்தது.

கை தட்டியவர்களில் அதிகம் தட்டியவர் திருகோணமலையிலிருந்து வந்த ஒரு தம்பி. முப்பது வயதிருக்கும். என்னோடு அதே கடையில் பெட்டி இறக்குகிறவர். நான் கையை நீட்டும் முன்பே பாரமான பெட்டிகளைத் தூக்கி, நான் குனியத் தேவையில்லாத உயரத்தில் வைத்துவிடுவார். ஊரில் மின்சார வேலை செய்தவர். மனைவியும் ஐந்து வயது மகளும் அங்கே ஒரு பாடசாலைக் கட்டடத்தில், மற்ற அகதிகளோடு இருந்தார்கள். தம்பியை அகதியாக ஏற்றுக்கொண்டால்தான் அவர்களைக் கூப்பிட முடியும். மனைவியின் கடிதம் வந்தால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு ஒரு பகுதியை வாசித்துக் காட்டுவார், மற்றப் பகுதியை மடித்து வைத்துவிடுவார். "இன்னும் எவ்வளவு காலம் எண்டு கேக்கிறா ரீச்சர். கெதியிலை எண்டு எழுதியிருக்கிறன்" என்பார்.

விசாரணைக்குத் திகதி வந்தது. கனடா மண்ணில் கால் வைத்த எந்த அகதிக்கும் நேரில் நின்று தன் கதையைச் சொல்ல உரிமை உண்டு என்று இந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சில வருடங்களுக்கு முன்புதான் சொல்லியிருந்தது. அதுவும் அந்தப் புல்வெளியிலிருந்து வந்த உரிமைதான் என்று நான் அவருக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அது சரி ரீச்சர். லோயர் ஒரு கடிதம் கேக்கிறார். நான் நான்தான் எண்டு ஆரும் சொல்லவேணுமாம்" என்று சொல்லிச் சிரித்தார்.

வேறொருவரின் கடவுச்சீட்டில் வந்தவர் அவர். அடையாள அட்டை வீட்டோடு எரிந்துபோயிற்று. எங்கள் சங்கத்தில் அவர் ஊரவர்கள் மூன்று பேர் இருந்தார்கள், சின்ன வயதிலிருந்தே அவரைத் தெரிந்தவர்கள். கடிதம் கொடுக்க ஒரு தடையும் இல்லை. விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறுக்குக் கூட்டம் வைத்து, ஏழு நாளுக்கு ஒரு நாள் கூடுதலாகவே அறிவித்தல் கொடுத்தேன். வீட்டிலிருக்கும் இவரைத் தவிர மற்ற முப்பத்திநாலு பேருக்கும் நானே ரெலிபோன் எடுத்தேன். எல்லாரும் வாறம் என்றார்கள். அந்த ஞாயிறு இவருக்கு மேலதிக வேலை வந்தது. போகட்டுமா என்று கேட்டார். இவ்வளவு பேர் வருகிறார்களே, நீங்கள் போங்கோ என்று அனுப்பினேன்.

சனிக்கிழமை பின்னேரம் தொடங்கிய பனி ஞாயிறு மத்தியானமும் விடவில்லை. சேர்ச்சின் படிகளை ஒருவர் கூட்டிக்கொண்டிருக்க, பின்னாலேயே அது நிரம்பியது. மெற்றோ ஓடியது, பஸ்கள் அங்கங்கே நின்றுவிட்டன. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் காலை உதறிக்கொண்டு மண்டபத்துக்குள் இறங்கினார்கள். நான் மேசையில் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தலையாகக் கோடு போட்டேன். இரண்டு மணிக் கூட்டத்தை மூன்று மணிக்குத் தள்ளினோம், பிறகு மூன்றரைக்கு. கடைசியாக நான் எண்ணியபோது தம்பியோடு சேர்த்து இருபத்திநாலு பேர்.

"சரியாய் இருக்கு. தொடங்குவம்" என்றார் தலைவர்.

"இல்லை அண்ணை. தம்பியைச் சேர்க்கேலாது. இருபத்திமூண்டு."

நான் விளையாடுகிறேன் என்றுகூட நினைத்திருப்பார்கள். நான் யாப்பை எடுத்து எட்டாம் பிரிவை வாசித்தேன். பாதியில் தம்பி எழுந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. வகுப்பில் தெரியாமல் பிழை செய்துவிட்ட பிள்ளை மாதிரி, "ஓம், நான் இருக்கக் கூடாதுதானே, மறந்து போனன்" என்று சொல்லி, கோட்டை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே இருந்த நடைக்குப் போனார். கதவையும் மெல்லச் சாத்தினார்.

அவர் போன பிறகுதான் சத்தம் எழுந்தது. தலைவர் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னார். "ரீச்சர், இஞ்சை இருக்கிற இருபத்திமூண்டு பேருக்கும் சம்மதம். வராத ஆக்களும் மாட்டன் எண்டு சொல்லாயினம். நான் கையெழுத்துப் போடுறன், நீங்கள் சீலைக் குத்துங்கோ. ஆர் கேக்கப்போகினம்?"

"ஒருத்தரும் கேளாயினம் எண்டுதானே அண்ணை அங்கையும் செய்தவங்கள்."

"அங்கை பிடிச்சு அடைக்கிறதுக்குக் கையெழுத்து. இது விடுவிக்கிறதுக்கு."

அது எவ்வளவு சரியான பேச்சு என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. அதனால்தான் இன்னும் இறுகினேன். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஒரு மேசை, கையில் ஒரு தாள், எனக்கு எதிரே வரிசையாகக் கதிரைகள். கோவா அடுக்குகிறவள் இல்லை, நான் மறுபடி ரீச்சர். "நல்ல காரியத்துக்கு எண்டு ஒருக்கால் உடைச்சால், பேந்து கெட்ட காரியத்துக்கும் அதே வழியாலை வருவினம். அரசனுக்கே சட்டம் மேலை எண்டால் எங்களுக்கு இல்லையோ?" என்றேன். குரல் நன்றாக எழும்பியது. ஊரில் கடைசி வருடங்களில் வராத குரல் அது.

இவரைக் கூப்பிடலாம் என்று நினைத்து, சேர்ச் அலுவலகத்து ரெலிபோனில் பண்டகசாலைக்கு அடித்தேன். எடுத்தவர் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். நான் இவருடைய பெயரைச் சொன்னேன், திருப்பித் திருப்பிச் சொன்னேன். அவர் "மொமாந்", ஒரு நிமிடம், என்று சொல்லிப் போனவர் வரவேயில்லை. ஐந்து மணிக்கு மண்டபத்தை வேறு ஆட்களுக்கு விடவேண்டும். கதிரைகளை மடித்தோம். முத்திரை கைப்பைக்குள்ளேயே கிடந்தது.

வெளியே நடையில் தம்பி சுவரோடு நின்றார். கோட்டுப் பொத்தான் எல்லாம் பூட்டியிருந்தார். நான் சொல்லும் முன்பே அவருக்கு விளங்கிவிட்டது. "பரவாயில்லை ரீச்சர். லோயரிட்டை சொல்லுவம். நீங்கள் பனியிலை விழாமல் பார்த்துப் போங்கோ" என்று சொல்லி, மெற்றோ வாசல் வரை எனக்கு முன்னால் நடந்து, மிதித்து மிதித்துப் பாதை எடுத்துத் தந்தார்.

இரவு வேலையால் வந்த இவரிடம் சொன்னேன். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டார். "உமக்கென்ன விசரோ" என்று மட்டும் கேட்டார். நான் சண்டைக்குப் போனேன். கொள்கை என்றேன், முன்மாதிரி என்றேன். இவர் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை விசாரணையை ஒத்திவைத்தார்கள். அடையாளத்தை உறுதிப்படுத்தும் பத்திரத்தோடு மறுபடி வரச் சொன்னார்களாம். நிராகரிக்கவில்லை. அதைக் கேட்டு நான் பெருமூச்சு விட்டேன். ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அடுத்த தடவை முறைப்படி கடிதம் கொடுப்போம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த வருடங்களில் கோப்புகள் மலையாய்க் குவிந்து கிடந்தன. அவருக்கு வந்த அடுத்த திகதி பதினொரு மாதம் தள்ளி.

அதை மனைவிக்கு எழுதுவதற்கு அவருக்கு ஒரு கிழமை எடுத்தது. சாப்பாட்டு நேரத்தில் நீலக் கடிதத்தாளை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். "பதினொரு மாதம் எண்டு எழுதவோ, ஒரு வருசம் எண்டு எழுதவோ ரீச்சர்? எதை எழுதினால் கொஞ்சமாய்த் தெரியும்?" என்று ஒரு நாள் கேட்டார். பதினொரு மாதம் என்றே எழுதச் சொன்னேன்.

பதில் வந்தது. அதில் ஒரு பகுதியையும் அவர் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. பிறகு பாடசாலைக் கட்டடத்திலிருந்து கடிதங்கள் நின்றுவிட்டன. பனி உருகி, சந்தையில் வெளிக்கடைகள் போட்டு, கியூபெக் ஸ்ரோபெரி வரத் தொடங்கிய ஒரு காலையில் அவர் வழக்கம்போல வந்து பெட்டிகளை இறக்கினார். பாரமானவற்றை என் பக்கத்தில், நான் குனியத் தேவையில்லாத உயரத்தில் வைத்தார். எல்லாம் முடிந்த பிறகு என் எதிரே வந்து நின்றார்.

"மனிசி பிள்ளையோடை வள்ளத்திலை இந்தியாவுக்கு வெளிக்கிட்டவவாம் ரீச்சர். இனிப் பொறுக்கேலாது எண்டு. மன்னாருக்கு அங்காலை வள்ளம் பிரண்டுட்டுதாம். பிள்ளையைப் பிடிச்சு ஏத்திட்டாங்கள். இவவைக் காணேல்லையாம்."

நான் கையில் ஒரு கத்தரிக்காயை வைத்துக்கொண்டு நின்றேன். அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன், என் கை வரவில்லை. "வீட்டை போங்கோ தம்பி, இண்டைக்கு வேலை செய்யாதேங்கோ" என்றேன். "வீட்டை ஆர் இருக்கினம்?" என்று கேட்டுவிட்டு அடுத்த பெட்டியைத் தூக்கப் போனார். என்னைக் குற்றம் சொல்லுகிற மாதிரி அவர் முகத்தில் ஒரு சின்ன அடையாளம்கூட இல்லை. அதைத் தேடித் தேடிப் பார்த்தேன். இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று பின்னேரம் மெற்றோவில் நிற்கும்போதுதான் கரும்பலகை ஞாபகம் வந்தது. விற்கமாட்டோம், மறுக்கமாட்டோம், தாமதிக்கமாட்டோம். நான் ஒருவருக்கும் எதையும் விற்கவில்லை, மறுக்கவுமில்லை. மணி அடித்துவிட்டது என்று பன்னிரண்டு வருடமாக விளக்காமல் விட்ட அந்த மூன்றாவது சொல்லில் வந்து விழுந்திருக்கிறேன். ஓர் அரசனின் கையைப் பிடித்து எழுதுவித்த சனங்களுக்கு அது தெரிந்திருந்தது. காக்க வைத்தும் ஓர் ஆளைக் கொல்லலாம் என்று தெரிந்துதான் அதை அங்கே எழுதுவித்தார்கள். நான் அவர்களுடைய பூட்டை மட்டும் கொண்டுவந்து எங்கள் கதவில் போட்டிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. இறங்க வேண்டிய நிலையத்தைக் கடந்து இரண்டு நிலையம் போய்விட்டேன்.

இவர் தேற்றப் பார்த்தார். "உம்மிலை என்ன பிழை? முப்பத்தாறு பேரும் கை உயர்த்தித்தானே அந்த விதி வந்தது. பனி பெய்ததும் நீரோ?" என்றார். பண்டகசாலைக்கு அன்று என்னைப் போகச் சொன்னதும் நீர்தானே என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது எனக்குக் கேட்டது.

இலையுதிர் காலத்தில், அடுத்த விசாரணைக்கு நல்ல முன்னதாகவே, பொதுக் கூட்டம் கூட்டினேன். இந்தத் தடவை எல்லாரும் வந்தார்கள், ஒருவர் தவறாமல். இவரும் வேலையை விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் இருந்தார். கடிதம் முதலாவது விடயம். நான் வாய் திறக்கும் முன்பே தம்பி எழுந்தார். ஒருவரும் அவரைப் போகச் சொல்லவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். முப்பத்தைந்து கை உயர்ந்தது. எண்ண வேண்டிய தேவையே இல்லை, இருந்தும் எண்ணினேன். கடிதத்தில் முத்திரையைக் குத்தினேன்.

பிறகு அவரை உள்ளே கூப்பிட்டு இரண்டாவது விடயத்தை எடுத்தேன். எட்டாம் பிரிவுக்குத் திருத்தம். அவசரமான நேரத்தில், ஆளைத் தெரிந்த இரண்டு பேர் சாட்சி சொன்னால், தலைவரும் செயலாளரும் சேர்ந்து உடனே கடிதம் கொடுக்கலாம், அடுத்த கூட்டத்தில் பொதுச் சபைக்குக் காரணம் சொல்ல வேண்டும். நாலு வரிதான். முதலிலேயே எழுதியிருக்கலாம். வாசிக்கும்போது இரண்டு தடவை நின்றுவிட்டேன்.

கைகள் உயர்ந்தன. தம்பியின் கையும் உயர்ந்தது. பெட்டி தூக்கித் தூக்கித் தோல் காய்த்த கை. அதையும் சேர்த்து எண்ணி, முப்பத்தாறு என்று எழுதினேன். முதல் தடவையாக எங்கள் பட்டியலில் எல்லாப் பெயருக்கும் கோடு விழுந்தது.

மற்றவர்கள் தேத்தண்ணிப் பக்கம் போனபோது அவர் என் மேசைக்கு வந்தார். விசாரணையில் தம்பியை ஏற்றுக்கொண்டதும், இந்தியாவில் முகாமில் தெரிந்த ஒரு குடும்பத்தோடு இருந்த மகள் மொன்றியலுக்கு வந்து சேர்ந்ததும் பிறகு நடந்தவை. அன்றைக்கு அவரிடம் ஒன்றும் இல்லை. திருத்தம் எழுதிய தாளைத் தன் பக்கம் திருப்பி, மெதுவாக ஒரு தடவை வாசித்தார்.

"இது இனி வாறதுகளுக்குத்தானே ரீச்சர்?"

"ஓம் தம்பி. இண்டையிலையிருந்து."

"முந்தி நடந்ததுக்குச் செல்லாது, என்ன."

"செல்லாது."

அவர் தலையை ஆட்டினார். விளங்காமல் கேட்கவில்லை, அந்த வரியை நான் வாசித்த நாளில் கை தட்டியவர்தானே. தாளைத் திருப்பி என் பக்கம் வைத்துவிட்டு, கதிரைகளை மடிக்கப் போனார். பின்னோக்கிச் செல்லும் சட்டம் கொடுமை என்று எத்தனை வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். அந்த மண்டபத்தில், அந்த மேசைக்கு முன்னால், ஒரே ஒரு சட்டம், ஒரே ஒரு தடவை, ஒரு பனிக்கால ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பின்னால் போகாதா என்று கேட்டு நான் அழுதேன்.